முழங்காலுக்குக் கீழே நான்கு அங்குலம்

நான் ஓய்வு பெற்ற மறுவருடம், எங்கள் தெருவில் மீன் விற்கும் பெண்மணியின் மகளுக்குக் கல்லூரியில் இடம் வாங்கிக் கொடுத்தேன். சிபாரிசு பிடித்து அல்ல. சிபாரிசு என்பது விதி தெரியாதவர்களுக்கு. சாதி, வருமானம், இருப்பிடம் என்று மூன்று சான்றிதழ்களையும் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போக வேண்டுமோ அந்த வரிசையில் போக வைத்தேன், அவ்வளவுதான். முப்பத்து நான்கு வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதியவன் நான். எங்கள் பகுதி கிராம நிர்வாக அலுவலர் என்னைத் தூரத்தில் கண்டாலே பேனாவைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

அந்தப் பெண் வணிகவியல் சேர்ந்தாள். தாம்பரத்தை ஒட்டிய பெண்கள் கல்லூரி, அரசு உதவி பெறுவது. அம்மாவும் மகளும் மாடம்பாக்கத்தில் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். அப்பா கடற்கரையில் படகோடு இருந்தார், தோன்றும்போது வருவார். அம்மா விடியற்காலையில் கோவளம் போய் மீன் எடுத்து வந்து, சேலையூரில் எங்கள் தெருவையும் அடுத்த இரண்டு தெருக்களையும் முடித்துவிட்டு மத்தியானம் வீடு திரும்புவாள். அவர்கள் வம்சத்திலேயே கல்லூரி வாசலை மிதித்தது இந்தப் பெண்தான். "மூணு வருசம் படிச்சிட்டான்னா பேங்க்ல குந்திக்குவா சார், கூடையைத் தூக்க மாட்டா" என்று அந்த அம்மாள் சொல்லிக்கொண்டே இருப்பாள். மூன்று வருடம். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

கல்லூரிக் கையேட்டை நான் மூன்று முறை படித்தேன். கட்டணம், தேர்வு, வருகைப் பதிவு எல்லாவற்றிலும் பென்சிலால் கோடு போட்டேன். பதினோராம் பக்கத்தில் "மாணவியர் கண்ணியமான உடையில் வர வேண்டும்" என்று ஒரு வரி இருந்தது. அதை மட்டும் விட்டுவிட்டேன். அது முழுக்க முழுக்கப் பெண்கள் கல்லூரி. உள்ளே இருந்த ஒரே ஆண் கேண்டீனில் வடை போடுகிறவர், அவருக்கும் இரண்டு கண்ணிலும் புரை.

குறை கண்ணியத்தில் இல்லை, உயரத்தில் இருந்தது. அந்தப் பெண் ஐந்தடி ஒன்பது அங்குலம். அப்பா வீட்டு வாகு. துணிக்கடைக்காரர்கள் இந்த ஊர்ப் பெண்களுக்கு என்று ஒரு நீளத்தைத் தீர்மானித்து வைத்திருக்கிறார்கள். இவள் யாரையும் கேட்காமல் அதைத் தாண்டி வளர்ந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் பாவாடை தாவணி, பாவாடையின் மடிப்பைப் பிரித்துவிட்டால் வேலை முடிந்தது. கல்லூரிக்கு எல்லோரும் சுடிதாரில்தான் வருகிறார்கள், அதில் பிரிக்க எதுவும் இல்லை. போதாததற்கு அந்த வருடம் குட்டை டாப்ஸ்தான் நாகரிகம். மற்ற பெண்களுக்கு முழங்காலைத் தொட்டது இவளுக்குத் தொடையில் நின்றது. டாப்ஸின் கை முழங்கைக்கு மூன்று விரல் மேலே ஏறிக்கொண்டது. அதே துணி குள்ளமான பெண்ணுக்குக் கண்ணியம், இவளுக்கு அது இல்லை.

கல்லூரி திறக்க ஒரு வாரம் இருக்கையில் என் மனைவி, மீன்கார அம்மாள், அந்தப் பெண், நான் என்று நால்வரும் தாம்பரம் சண்முகம் சாலைக்குப் போனோம். முதல் கடையில் விற்பனைப் பெண் இவளை ஒருமுறை மேலிருந்து கீழாகவும் ஒருமுறை கீழிருந்து மேலாகவும் பார்த்தாள்.

"எக்ஸ்எல் எடுத்தா அகலம்தான்க்கா வரும், நீளம் வராது."

"அதுக்கு மேல இல்லையா?" என்றாள் என் மனைவி.

"டபுள் எக்ஸ்எல் இருக்கு. அதுல இவங்கள மாதிரி ரெண்டு பேர் போலாம். அப்பவும் முட்டிக்கு மேலதான் நிக்கும்."

மீன்கார அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, நீட்டமா வளந்ததுங்கல்லாம் இந்த ஊர்ல துணி கட்டாமயா சுத்துதுங்க?"

"அவங்கல்லாம் சீக்கிரமா கல்யாணம் பண்ணிக்கினு பொடவைக்குப் போயிருவாங்கக்கா" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டாள்.

தாம்பரம் சானடோரியம் பக்கம் ஏற்றுமதித் துணி ஆலைகளில் கழித்த உடைகளை நடைபாதையில் கொட்டி விற்பார்கள். அங்கே நீளம் இருந்தது, தாராளமாக இருந்தது. வெள்ளைக்காரிகளுக்குத் தைத்தது. கணுக்கால் வரை வரும் ஒரு பச்சை நிற உடையை மீன்கார அம்மாள் தூக்கிப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாப்பா, முதுகு எங்க?"

"அது மாடலே அப்டித்தான்க்கா. காத்தோட்டமா இருக்கும்."

"காத்தோட்டம் வோணும்னா நான் ஜன்னல் வெச்ச வூடா பாத்துக்கறேன். முதுகைக் குடு."

கடைசியில் மூன்று உடுப்புகள் சேர்ந்தன. சண்முகம் சாலையில் எடுத்த டபுள் எக்ஸ்எல் ஒன்று. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் எடுத்த ஆண்கள் ஜிப்பா ஒன்று, அதற்குப் பெண்கள் பேண்டும் ஷாலும் தனியாக. மூன்றாவது, என் மனைவி துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தது. சுடிதார் துணி வெட்டியே வைத்து விற்கிறார்கள், இவளுக்குப் பற்றாது. கூட அரை மீட்டர் கேட்டு நான்கு கடை ஏறினாள். தையல்காரர் துணியைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். "இது தையல் இல்ல சார், பந்தல் வேலை. ரெண்டு கூலி ஆகும்" என்றார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் அவள் கல்லூரிக்குப் போனாள். வாசலில் உடற்கல்வி ஆசிரியை நிற்பார். ஒழுங்கு அவர் பொறுப்பு. தைத்த உடுப்பு அணிந்த நாளில் எதுவும் சொல்ல மாட்டார். மற்ற இரண்டில் வந்தால் அவருடைய மனநிலையைப் பொறுத்தது. ஜிப்பாவில் வந்த முதல் நாள், "உங்கப்பா இன்னிக்கு எதைப் போட்டுட்டுப் போனாரு?" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி விசாரித்துவிட்டு உள்ளே விட்டிருக்கிறார். வாரத்தில் ஒரு நாள் திருப்பி அனுப்புவார். அன்றைக்கும் வழி இருந்தது. வாசல் காவலுக்கு ஒரு வயதான அம்மாள். ஆசிரியை டீ குடிக்கப் போனதும் அவள் சின்னக் கதவைத் திறந்து, "ஷாலை நல்லா இழுத்துப் போத்திக்கினு ஓடு" என்று அனுப்பிவிடுவாள். ஒரு மணி நேரப் பாடம் போகும், நாள் போகாது.

இதெல்லாம் எனக்குச் செப்டம்பரில்தான் தெரிந்தது. மீன்கார அம்மாள் எங்கள் வாசலில் சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள்.

"யார் திருப்பி அனுப்புகிறது?" என்றேன்.

"பீட்டி மிஸ்சு சார். கால் நீட்டமா கீதாம். இவ இன்னா வெட்டியா போட முடியும்? ஆனா பரவால்ல சார், வாட்ச்மேன் அம்மா வுட்ருது. வாரத்துல ஒரு நாள்தான் பேஜாரு."

"எந்த விதியில் அனுப்புகிறார்கள்?"

"அதெல்லாம் எனக்கு இன்னா சார் தெரியும்?"

எனக்குத் தெரிந்தது. எந்த விதியிலும் இல்லை. கண்ணியம் என்ற சொல்லுக்கு அந்தக் கையேட்டில் எங்கும் வரையறை இல்லை. வரையறை இல்லாத ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் ஒரு நபர் தன் இஷ்டத்துக்கு ஒரு மாணவியின் வருகைப் பதிவைக் குறைக்கிறார். பணியில் இருந்த காலத்தில் இப்படிப்பட்ட கோப்பு என் மேசைக்கு வந்தால் அன்று மதியச் சாப்பாடு கூடுதலாக ருசிக்கும்.

"மனு போடுகிறேன்" என்றேன்.

"வேணாம் சார். அந்த வாட்ச்மேன் அம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிடப் போவுது."

"அவள் செய்வது தயவு. உன் மகளுக்கு வேண்டியது தயவு இல்லை."

அவள் மீனைக் கழுவி மனைவியின் பாத்திரத்தில் போட்டாள். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

உள்ளே போனதும் மனைவி சொன்னாள்: "ஏங்க, நீங்க மனு எழுதி, நகல் எடுத்து, தபால் ஆபீஸ் போய் வர்ற நேரத்துல அந்தப் பொண்ணுக்கு இன்னும் ரெண்டு சுடிதார் தெச்சுடலாம்." உங்களில் பலருக்கும் இந்நேரம் இதே யோசனை வந்திருக்கும். எனக்கு அது வந்ததே இல்லை. இரண்டு சுடிதார் கொடுத்தால் ஒரு பெண்ணின் பிரச்சினை தீரும், விதி வந்தால் எல்லாப் பெண்களின் பிரச்சினையும் தீரும் என்று அவளுக்கு விளக்கினேன். அவள் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

மனு நான்கு பக்கம். கல்லூரி முதல்வருக்கு, பதிவுத் தபாலில், நகல் மேலதிகாரிகள் இருவருக்கு. நகல் போகிறது என்று தெரிந்ததும் அலுவலகங்கள் விழித்துக்கொள்ளும். மூன்றாம் நாள் முதல்வரே தொலைபேசியில் அழைத்தார். போனேன். நன்றாகப் படித்த, மரியாதை தெரிந்த பெண்மணி.

"சார், நீங்க எழுதினது ஹண்ட்ரட் பர்சன்ட் கரெக்ட். ரூல்னு இருந்தா அது கிளியரா இருக்கணும். நாங்களே ஒரு சர்க்குலர் டிராஃப்ட் பண்ணிருக்கோம். உங்க எக்ஸ்பீரியன்ஸுக்கு ஒரு தடவை பாத்துத் தர முடியுமா?"

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிக இனிமையான அழைப்புகளில் அது ஒன்று. அவர்கள் டீ கொடுத்தார்கள், மின்விசிறியை என் பக்கம் திருப்பினார்கள். நான் பேனாவை எடுத்தேன்.

வரைவு மோசமாக இருந்தது. "டாப்ஸ் போதிய நீளம் இருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தார்கள். போதிய என்றால் என்ன? அடித்துவிட்டு, "முழங்கால் சில்லின் கீழ் விளிம்பிலிருந்து நான்கு அங்குலத்துக்குக் குறையாமல்" என்று எழுதினேன். கை முழங்கையை முழுவதும் மூட வேண்டும். பக்கவாட்டு வெட்டு இடுப்பெலும்புக்குக் கீழேதான் தொடங்க வேண்டும். ஷால் இரண்டு தோளிலும் பின் குத்தியிருக்க வேண்டும். அவர்கள் "சுடிதார், புடவை அல்லது பாவாடை தாவணி" என்று எழுதியிருந்தார்கள். மூன்று உடை என்றால் மூன்று வகை அளவு, மூன்று வகைச் சர்ச்சை. புடவையையும் தாவணியையும் அடித்தேன். ஆசிரியைகளின் விருப்பு வெறுப்புக்கு இடமே இருக்கக் கூடாது என்பதற்காகக் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: "எக்காரணம் கொண்டும் எவருக்கும் இதிலிருந்து விலக்கு அளிக்கப்பட மாட்டாது." அந்த வரி என் கைக்குப் பழகிய வரி. எத்தனையோ ஆணைகளின் அடியில் அதை எழுதியிருக்கிறேன்.

சுற்றறிக்கை அடுத்த திங்களே அறிவிப்புப் பலகையில் ஏறியது. உடற்கல்வி ஆசிரியை கைக்கு ஓர் அளவு நாடா வந்தது.

அந்த முதல் நாளை அந்தப் பெண் பிற்பாடு என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். வாசலில் வரிசை. ஒவ்வொருத்தியாக நிறுத்தி, குனிந்து, முழங்காலைத் தடவிப் பார்த்து, நாடா வைத்தார்கள். இவள் முறை வந்தபோது சண்முகம் சாலை டபுள் எக்ஸ்எல் முழங்கால் சில்லைத் தொடவே இல்லை. அளக்க எதுவும் இல்லாததால் ஆசிரியை வெறும் காலை அளந்திருக்கிறார்.

"ஏன்டி, காலைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்க முடியாதா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "மிஸ், அந்த டேப் அவளுக்குப் பத்தாது, கொத்தனார் டேப் கொண்டு வாங்க" என்றாள்.

மத்தியானத்துக்குள் இந்த அளவு நாடா யாரால் வந்தது என்பது கல்லூரிக்கே தெரிந்துவிட்டது. என் மனுவில் மாணவியின் பெயர், வகுப்பு, வரிசை எண் எல்லாம் இருந்தன. அவை இல்லாத மனு செல்லாது. அன்றைக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் முப்பது பேருக்கு மேல். அவர்கள் யாரும் என்னைத் தேடி வரவில்லை, அவளைத்தான் தேடினார்கள். அவளுக்கு 'இஞ்ச்' என்று பெயர் வைத்தார்கள். அவள் வந்து உட்கார்ந்தால் பெஞ்சில் நகர்ந்துகொண்டார்கள். "மேடம் கேஸ் போடுவாங்க, தள்ளி உக்காருங்கடி." மீன் வாடை பற்றியும் பேச்சு வந்தது. அதுவரை மூன்று மாதமும் யார் மூக்குக்கும் அது எட்டியதில்லை.

மறுநாள் ஆசிரியை டீ குடிக்கப் போனபோது காவல்கார அம்மாள் சின்னக் கதவைத் திறக்கவில்லை. "என் கையில ஒண்ணும் இல்லம்மா. பேப்பரு வந்துட்ச்சு, கையெழுத்து வாங்கிக்கினாங்க" என்றிருக்கிறாள். அவள் வயதில் வேலை போனால் வேறு வேலை இல்லை.

இனித் தைத்த உடுப்பு ஒன்றுதான் தேறியது. அதைத் தினமும் அணிந்தாள், தினமும் துவைத்தாள். பருத்தித் துணி. தைத்தபோது முழங்காலுக்குக் கீழே ஐந்தங்குலத்துக்குக் கொஞ்சம் கூடவே இருந்தது. தினம் ஒரு துவையல் என்று இரண்டு வாரம் போனதும் சுருங்கி மூன்றரையில் வந்து நின்றது. அரை அங்குலம் குறைவு. அந்த ஆசிரியையின் மேல் எனக்குக் குற்றம் சொல்ல வழியில்லை. மனநிலையைப் பார்த்து விடுவதை அவர் நிறுத்திவிட்டார். நாடாவைப் பார்த்தார், பதிவேட்டில் எழுதினார், திருப்பி அனுப்பினார். நான் எப்படி ஓர் அலுவலர் நடக்க வேண்டும் என்று விரும்பினேனோ அப்படியே நடந்தார்.

இம்முறை மனைவி என்னிடம் எதுவும் பேசாமல் துணி எடுத்துவிட்டாள், மூன்று உடுப்புக்கு. ஆனால் தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. சேலையூரிலிருந்து பம்மல் வரை எல்லாத் தையல் கடையிலும் 'ஆர்டர் முடிந்தது' அட்டை தொங்கியது. பந்தல் என்று சொன்ன தையல்காரர் தலை நிமிராமல், "தீபாவளி கழிச்சு வாங்கம்மா. ஊரே புது ஜாக்கெட்டுக்கு நிக்குது, உங்களது ஒண்ணு எடுத்தா நாலு ஜாக்கெட் போயிரும்" என்றார். ரெடிமேட் கடைகளில் தீபாவளிச் சரக்கு வந்து குவிந்திருந்தது. ஜரிகை, கண்ணாடி, பாசிமணி எல்லாம் இருந்தன, நீளம் மட்டும் இல்லை.

நான் முதல்வரைப் போய்ப் பார்த்தேன். தையல் முடியும் வரை ஒரு மாதம், இந்த ஒரு மாணவிக்கு மட்டும், என்று கேட்டேன். புடவை கட்டிக்கொண்டாவது வரட்டும் என்றேன்.

அவர் கோப்பை எடுத்து வரச் சொன்னார். வரைவு அதில் இருந்தது, என் பச்சை மையோடு.

"நான் என்ன சார் பண்றது? புடவை, தாவணி எல்லாம் போட்டிருந்தோம். நீங்கதான் அடிச்சீங்க. விலக்கு கிடையாதுன்னு நீங்கதான் எழுதினீங்க. இப்ப உங்க பொண்ணுக்கு மட்டும் குடுத்தா, அந்த முப்பது பேரோட பேரண்ட்ஸும் நாளைக்கு மனு எடுத்துட்டு வருவாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரிந்ததுதான். அவர் சொன்னதில் ஒரு சொல் தவறில்லை. நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். இந்தத் தடவையும் டீ கொடுத்தார்கள்.

வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட நாள் முழு நாளும் வராததாகக் கணக்காகும். எழுபத்தைந்து சதவீதம் வருகை வேண்டும். அறுபத்தைந்துக்கு மேல் இருந்தால் மருத்துவச் சான்றிதழும் அபராதமும் கட்டித் தேர்வு எழுதலாம், அந்த வழி எனக்கு மனப்பாடம். அதற்குக் கீழே போனால் ஒரு வழியும் கிடையாது. நவம்பரில் பட்டியல் ஒட்டினார்கள். அவளுக்கு அறுபத்தொன்று. தைக்கக் கொடுத்த மூன்று உடுப்புகளும் அதற்கு நான்கு நாள் கழித்து வந்தன. மூன்றும் அளவுக்குச் சரியாக இருந்தன.

அடுத்த வருடம் மறுபடி முதலிலிருந்து சேரலாம், அதற்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது என்று மீன்கார அம்மாளிடம் சொன்னேன். கூடையை இறக்காமலே கேட்டுக்கொண்டாள். "போதும் சார்" என்றாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் பதில் சொல்லத் தயாராகவும் இருந்தேன். அவள் மனைவியைப் பார்த்து, "இன்னிக்கு வவ்வால் மீனு நல்லா கீதும்மா, போடட்டா?" என்று கேட்டாள்.

டிசம்பரில் அந்தப் பெண் தனியாக வந்தாள், மாற்றுச் சான்றிதழ் விண்ணப்பம் எழுத. பதினெட்டு முடிந்திருந்தது. சானடோரியத்தில் ஏதோ ஒரு பாகம் பொருத்தும் தொழிற்சாலையில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

"அங்க மேல ஒரு கோட்டு குடுக்கறாங்க சார். உள்ள இன்னா போட்டாலும் கேக்க மாட்டாங்களாம்" என்றாள்.

படிவத்தை நிரப்பினேன். படிப்பை விடுவதற்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. பேனா அங்கே நின்றது.

"நடந்ததை எழுதலாமா சார்?"

"எழுதினால் விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். சான்றிதழ் தாமதமாகும். வேலையில் சேரும் நாள் தள்ளிப்போகும்."

"அப்ப நீங்களே எழுதுங்க. நீங்க எழுதினா திரும்பி வராது."

'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதினேன். அவள் படிவத்தை வாங்கி நின்றபடியே படித்தாள்.

"எங்க குடும்பத்துல இன்னா சார் சூழ்நிலை? எங்கம்மா ஒரு நாள் கூட என்னைப் போவாதன்னு சொல்லல."

எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள் என்றேன். அவள் கையெழுத்துப் போட்டாள். அம்மாவின் கையெழுத்துக்கு இடம் விட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

கல்லூரி எந்தக் கேள்வியும் கேட்காமல் இரண்டே நாளில் சான்றிதழைக் கொடுத்துவிட்டது. விண்ணப்பத்தில் குறை ஒன்றும் இல்லை.